புகைக்கும் ஒரு விலை உண்டு



பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நாம் முணுமுணுக்கிறோம். ஆனால் நாம் கொடுக்கும் விலையில் சேராமலே போகும் ஒரு செலவும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. அதனால் வெப்பம் கூடி பயிர் கருகும்போதும், கடல் கரையை அரிக்கும்போதும் இழப்பைத் தாங்குவோரில் பலர் வாகனமே இல்லாத ஏழைகள்.

பொதுவான இயற்கை வளங்களைப் பயன்படுத்தும் செலவைப் பயன்படுத்துவோரே ஏற்க வேண்டும், பிறர்மீதோ வருங்காலத் தலைமுறைமீதோ சுமத்தலாகாது என்கிறது, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் (எண் 195). பொருளியலார் சொல்லும் கார்பன் வரியின் அடிப்படையும் இதுவே. 2019 ஜூனில் வத்திக்கானுக்கு வந்த எண்ணெய் நிறுவனத் தலைவர்களிடமும், கார்பனுக்கு விலை வைப்பது இன்றியமையாதது என்று அவர் கூறினார். (கார்பன் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தையை மட்டும் அவர் ஐயத்தோடே பார்த்தார். அது ஊக வணிகமாகிவிடும் என்பது அவரது அச்சம்.)

வரி சரி, வசூலான பணம் யாருக்கு? சிக்கலே இங்குதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2008-ல் டன்னுக்கு 10 டாலர் வரி விதித்து, 2012-ல் அதை 30 டாலராக உயர்த்தியது. பெட்ரோல் லிட்டருக்கு 6.67 சென்ட் கூடியது. அந்தப் பணம் வருமான வரிக் குறைப்பாகவும், ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகையாகவும் மக்களிடமே திரும்பியது. புகை 5 முதல் 15 விழுக்காடு வரை குறைந்ததாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மாநிலப் பொருளாதாரமும் சரிந்துவிடவில்லை. முழுவதையும் திருப்பித் தரும் விதி 2017-ல் கைவிடப்பட்டது. நுகர்வோர் மீதான அந்த வரியே 2025 ஏப்ரல் முதல் நாளோடு முடிவுக்கு வந்தது.

பிரான்சில் கதை வேறு. 2014-ல் டன்னுக்கு 7 யூரோவாக இருந்த வரி 2018-ல் 44.60 யூரோவானது. பணத்தின் பெரும்பகுதி அரசின் பொதுக் கணக்கில் சேர்ந்தது. பாரிசில் இருப்பவருக்கு மெட்ரோ இரயில் உண்டு. பேருந்தே வராத கிராமத்திலிருந்து நாள்தோறும் டீசல் காரில் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? 2018 நவம்பர் 17 அன்று அவரைப் போன்றோர் மஞ்சள் சட்டை அணிந்து சாலைகளை மறித்தனர். அவர்கள் படைப்பின் பகைவர்கள் அல்லர் என்றே நாம் எண்ணுகிறோம். மாற்று வழி எதுவும் தராமல் செலவை மட்டும் கூட்டினால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். 2019-ல் வரவிருந்த உயர்வை அரசு டிசம்பரில் கைவிட்டது.