கதிரடிக்கும் எந்திரத்தில் கை போனால் யார் பொறுப்பு?

புதுவைப் பகுதியில் மாடு கட்டிப் போரடிப்பது அனேகமாக மறைந்து விட்டது. பாகூரானாலும் வில்லியனூரானாலும் நெட்டப்பாக்கமானாலும் டிராக்டர், பவர் டில்லர், கதிரடிக்கும் எந்திரம், விசைத் தெளிப்பான் ஆகியவை வாடகைக்காவது வந்து விடுகின்றன. ஒரு காணி, இரண்டு காணி வைத்திருக்கும் சிறு விவசாயியும் இவற்றை நம்பியே இருக்கிறார். வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் எந்திரத்தோடு விபத்தும் களத்துக்கு வந்து விட்டது. கதிரை உள்ளே தள்ளும்போது கை போய் விடுகிறது. ஓடும் பெல்ட்டில் புடவைத் தலைப்பு சிக்குகிறது. சேற்றில் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக் கவிழ்கிறது. மருந்து தெளித்தவர் வரப்பிலேயே மயங்கி விழுகிறார்.

அப்போது வழக்கமாக நடப்பது என்ன? காயம்பட்டவரை ஜிப்மருக்குக் கொண்டு போகிறார்கள். நிலத்துக்காரர் கையில் இருப்பதைக் கொடுக்கிறார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி முடித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கைநாட்டும் வாங்கி விடுகிறார்கள். விவகாரம் தீர்ந்தது என்று இரு தரப்பாரும் நினைக்கிறார்கள். சட்டப்படி அது தீரவில்லை. இதை அறியாததால் கூலிக்காரருக்கு வர வேண்டியது வராமல் போகிறது. நிலத்துக்காரரோ ஒரு முறை கொடுத்ததையே மறுபடியும் கொடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகலாம்.

வேலையில் காயம்பட்டவருக்கு நஷ்ட ஈடு தரும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அப்போது புதுவை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால் அச்சட்டம் இங்கே செல்லவில்லை. புதுவை நகரத்து மில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பேரைப் பலி கொடுத்த பிறகே பிரெஞ்சு இந்தியாவில் தொழிலாளர் சட்டம் ஒழுங்கான உருவம் பெற்றது. 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இந்திய நஷ்ட ஈட்டுச் சட்டமும் அந்தப் பத்தாண்டிலேயே இங்கு நீட்டிக்கப்பட்டது. இப்போது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகி, அதன் விதிகள் பெரும்பாலும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு விட்டன. புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது.

இதெல்லாம் மில்லுக்கும் ஆலைக்கும் உள்ள சட்டம், நமக்கு ஏன் என்று விவசாயிகள் எண்ணக் கூடாது. டிராக்டராலோ மின்சாரத்தாலோ வேறு விசையாலோ இயங்கும் கருவிகளைக் கொண்டு நடக்கும் விவசாய வேலை இச்சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பூச்சி மருந்து தெளித்தல், எந்திர அறுவடை, கதிரடிப்பு, கிணறு வெட்டுதல், போர்வெல் போடுதல், பம்பு செட் பழுது பார்த்தல், பனை மரம் சீவுதல், மரம் வெட்டுதல் ஆகியவையும் அதில் உள்ளன. அன்றாடக் கூலி, ஒரு நாள் ஆள் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் வழியில்லை. தற்காலிக ஆட்களை ஒதுக்கி வைத்திருந்த வாசகம் 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டு விட்டது.

யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலையின்போது, அந்த வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்பது போதும். குடித்திருந்தார், சொன்னதைக் கேட்கவில்லை என்ற வாதம் சிறு காயங்களில் எடுபடலாம். மரணத்திலும், முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது.

தொகை எவ்வளவு? மரணமானால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்பச் சட்டத்தில் தரப்பட்டுள்ள ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். வயது கூடக் கூட அந்த எண் குறையும். 40 வயதுக்கு அது 184.17. மாதம் ரூ.12,000 கூலி பெற்ற 40 வயதுக்காரர் இறந்தால் 6,000-ஐ 184.17-ஆல் பெருக்க ரூ.11,05,020 வருகிறது. முழு ஊனத்துக்குக் கூலியில் 60 சதம் கணக்கு. பகுதி ஊனமானால் எத்தனை சதம் உழைக்கும் திறன் போயிற்றோ அத்தனை சதம். ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60 சதம், கட்டைவிரல் போனால் 30 சதம் என்று அட்டவணை இருக்கிறது. 30 வயதுக்கு எண் 207.98. அதே ரூ.12,000 கூலிக்காரர் கதிரடிக்கும் எந்திரத்தில் ஒரு கையை இழந்தால் சுமார் ரூ.8,98,000 ஆகும். கூலிக்கு அரசு ஒரு உச்சவரம்பு அறிவிக்கும். 2020 ஜனவரியில் அது ரூ.15,000 என வைக்கப்பட்டது. ஊர்க் கூட்டத்தில் பேசப்படும் தொகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

அட்டவணைச் சதவீதமே முடிவானது என்றும் இல்லை. ஒடிசாவில் ஒரு தச்சர் வேலை செய்யும்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவர் ஊனம் முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளிலிருந்தே தொகை கடனாகி விடுகிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. மண்வெட்டி பிடிப்பவருக்கும் மரம் ஏறுபவருக்கும் இது மிக முக்கியமான தீர்ப்பு. டாக்டரிடம் சான்று வாங்கும்போது எத்தனை விரல் போயிற்று என்பதோடு, காயம்பட்டவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தற்காலிகமாக வேலை செய்ய இயலாமல் இருப்பவருக்கு மாதக் கூலியில் 25 சதம் பதினைந்து நாட்களுக்கொரு முறை கிடைக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் குணமாகி விட்டால் இது கிடையாது. மருத்துவச் செலவு தனி.

இனி, அந்த வெள்ளைத் தாளுக்கு வருவோம். மரணம் ஏற்பட்டால் நஷ்ட ஈட்டை நேரே குடும்பத்தார் கையில் கொடுப்பதைச் சட்டம் நஷ்ட ஈடாகவே ஏற்பதில்லை. மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுக்கலாம். மற்றதைத் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும். மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பவர் அவரே. ஊனத்துக்கு மொத்தத் தொகை பேசி முடித்தாலும் அந்த ஒப்பந்தத்தை அவரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகக் குறைவாக இருந்தால் அவர் பதிய மறுக்கலாம். உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது. ஆக, நிலத்துக்காரர் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணமும் கணக்கில் வராமல் போய், பின்னால் வழக்கும் வர இடமுண்டு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் பாதித் தொகை வரை அபராதமும் சேரும்.

கோரிக்கை மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, காயம்பட்டவர் வசிக்கும் பகுதியிலும் கொடுக்கலாம். புதுவைக் கொம்யூன்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் வரப்புக்கு வரப்பு மாறி மாறிக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் இது பெரிய வசதி.

மனு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டமல்ல, சாட்சிதான். நிலத்துக்காரருக்குத் தொல்லை வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் "வீட்டில் விழுந்து விட்டார்" என்று சொல்லி விடுகிறார்கள். முதல் நாள் பதிவில் ஏறிய அந்த ஒரு வரி, பிறகு வரும் எல்லாச் சாட்சியையும் அடித்து விடும். எந்த வேலையில், யாருடைய நிலத்தில், எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்வதே இரு தரப்பாருக்கும் நல்லது. ஆள் பெயர், தேதி, கூலி ஆகியவற்றை நிலத்துக்காரர் ஒரு நோட்டில் குறித்து வரவும்.

எந்திரம் வாடகைக்கு வந்தால் யார் முதலாளி என்பதில் குழப்பம் வருகிறது. டிரைவர் சாதாரணமாக எந்திர உரிமையாளரின் ஆள். கதிர் எடுத்துக் கொடுக்க அமர்த்தியவர் நிலத்துக்காரரின் ஆள். ஆனால் தம் ஆளை ஒருவர் வாடகைக்கு அனுப்பினால், அந்த வேலை நடக்கும் நேரத்தில் அமர்த்திக் கொண்டவரே முதலாளியாகக் கருதப்படலாம். ஆகவே வாடகை பேசும்போதே டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று கேட்கவும். அந்த இன்ஷூரன்ஸ் டிரைவருக்கு உதவும். மட்கார்டில் தொற்றிக் கொண்டு போகிறவருக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது. கூலி ஆட்களுக்கென்று தனி நஷ்ட ஈட்டுப் பாலிசி உண்டு. எந்திரம் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் அதை எடுத்து வைப்பது அவசியம்.

விவசாயி எப்போதும் முதலாளியாகவே இருப்பதில்லை. அறுவடை முடிந்ததும் அவரே அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போகிறார். மகன் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர்களுக்கு நஷ்ட ஈடு இ.எஸ்.ஐ. மூலமே வரும். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. காயம்பட்டு வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதம் கிடைக்கும். சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்களா, இ.எஸ்.ஐ. எண் தந்திருக்கிறார்களா என்று வேலைக்குச் சேர்ந்த மாதமே பார்த்து விட வேண்டும்.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்? மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003-இல் வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அதுவும் வேலை விபத்தே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. குடும்பம் காத்திருந்தது 22 ஆண்டுகள். புதிய சட்டத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டு விட்டது.

சொந்த நிலத்தில் சொந்த எந்திரத்தை ஓட்டிக் கையை இழக்கும் விவசாயிக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. அவருக்கு முதலாளி இல்லை. பாங்கில் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு ரூ.20 கட்டிப் பிரதம மந்திரி விபத்து இன்ஷூரன்ஸில் சேரலாம். மரணத்துக்கு ரூ.2 லட்சம், ஒரு கையோ காலோ போனால் ரூ.1 லட்சம் தருகிறார்கள். ஜூன் முதல் மே வரை கணக்கு. தவணையை மே மாதக் கடைசியில் பாங்கே பிடித்துக் கொள்ளும். அந்தச் சமயத்தில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக் கொள்ளவும்.