மூச்சுக்குழாய்ச் சுவரில் கொழுப்பு

குண்டாக இருப்பவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? நெஞ்சில் எடை அழுத்துகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். 2019இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள், இறந்துபோன 52 பேரின் நுரையீரல் மாதிரிகளில் 1,373 மூச்சுக்குழாய்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குழாய்ச் சுவரின் வெளிப்புறத்திலேயே கொழுப்பு படிந்திருந்தது. எடை கூடியவர்களிடம் அதுவும் கூடியிருந்தது. கொழுப்பு மிகுந்த இடத்தில் சுவர் தடித்திருந்தது. அழற்சி செல்களும் அதிகம்.

அழுத்தம் என்பதும் பொய்யில்லை. ஆனால் அதன் வேலை நாம் நினைப்பதைவிட நுட்பமானது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நுரையீரல் விரிந்து, மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையை இழுத்துத் தளர்த்திவிடுகிறது. நம்மை அறியாமல் அவ்வப்போது விடும் பெருமூச்சு, இந்த விஷயத்தில் இலவச மருந்து. தொப்பை உதரவிதானத்தை மேலே தள்ளினால், மூச்சை விட்டபின் உள்ளே மிஞ்சும் காற்று குறைகிறது; குழாயும் ஒடுங்கியே கிடக்கிறது. நீட்டி மடக்காத மூட்டு பிடித்துக்கொள்வதுபோல அந்தத் தசையும் இறுகிவிடுகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் சிரமம்.

போதாக்குறைக்கு, கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் உட்பட, அழற்சியைத் தூண்டும் பல பொருள்களை ரத்தத்தில் கலக்கிறது.

எடை கூடியவர்களின் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை சிக்கலாவது இங்கேதான். இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு, ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் மிகுந்த ஒவ்வாமை வகை ஆஸ்துமாவை நன்றாக அடக்கும். நடுவயதில், எடை கூடியபின் ஆஸ்துமா வந்தவர்கள் பலருக்கு அந்த வகை அழற்சி அவ்வளவாக இருப்பதில்லை. மருந்து சரியாகக் கேட்பதில்லை, அளவு ஏறுகிறது, சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை வரை போகிறது. மாத்திரையோ பசியைக் கிளப்பி எடையை மேலும் ஏற்றும். வெறும் எடையால் வரும் இளைப்பை ஆஸ்துமா என்று எண்ணி மருந்து கொடுப்பதும் நடக்கிறது. ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது.

"எடையைக் குறையுங்க" என்று டாக்டர் சொன்னால் பலருக்கும் திட்டுவதுபோலத்தான் கேட்கிறது. அதையே ஒரு மருந்தைப்போலச் சோதித்துப் பார்த்தது பின்லாந்து. 2000இல் வெளியான அந்த ஆய்வில், ஆஸ்துமாவும் பருமனும் உள்ள 38 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தரப்பட்டது. அவர்களின் எடை சராசரியாக 14.5 சதவீதம் குறைந்தது. ஓராண்டு கழித்து அதில் கொஞ்சம் திரும்ப ஏறியிருந்தும், உணவுக் கட்டுப்பாடு இல்லாத மற்றவர்களைவிட அவர்களால் பலமாக ஊத முடிந்தது.