குட்டி நாயின் வயிறு கெட்டால்

தேனி மாவட்டத்துக் கோம்பை, தன் பெயரிலேயே ஒரு நாயினத்தைக் கொண்ட ஊர். அவ்வூர்க் குட்டி ஒன்று, தோட்டக் காவலுக்கென மலையேறி வண்டன்மேட்டுக்கோ பூப்பாறைக்கோ வந்து சேர்கிறது எனக் கொள்வோம். தாயைப் பிரிந்த ஏக்கம், வளைவுகள் நிறைந்த மலைப்பாதைப் பயணம், புதிய நீர், புதிய உணவு ஆகிய அனைத்தையும் அது ஒரே நாளில் எதிர்கொள்கிறது. மறுநாள் அதற்கு வயிறு இளகுவதில் வியப்பில்லை. சமவெளியில் கொழிஞ்சாம்பாறைக்கும் சித்தூருக்கும் செல்லும் குட்டிகளுக்கும் இதுவே நேர்கிறது.

நாம் பரிவோடு ஊற்றும் பசும்பாலும் இத்தொல்லைக்கு ஒரு காரணம். தாய்நாயின் பாலைவிடப் பசும்பாலில் பால்சர்க்கரை மிகுதி. குட்டியின் குடலுக்கு அது எளிதில் செரிப்பதில்லை. குடற்புழுவும் மற்றொரு காரணம். உருண்டைப்புழு, தாயின் கருப்பையிலிருக்கும்போதே குட்டியின் உடலில் புகுந்துவிடும். ஆகையால் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே புழுநீக்க மருந்து தொடங்கப்படுகிறது.

எத்தனை முறை கழிந்தது என்பதைவிட, குட்டி எப்படி இருக்கிறது என்பதே முதலில் காண வேண்டியது. அது விளையாடி, உண்டு, நீர் பருகி வந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். பாலை நிறுத்திவிட்டு, உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேராத குழைந்த சோற்றுடன் எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியைச் சிறுசிறு அளவாக நான்கைந்து வேளை கொடுக்கலாம். காய்ச்சி ஆறிய நீர் எப்போதும் அருகிருக்க வேண்டும். வயிற்றுக்கு ஓய்வு தருவதாக எண்ணிச் சிறு குட்டியைப் பட்டினி போடுவது தவறு. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து அது மயங்கிவிடக்கூடும். வீட்டிலுள்ள மனிதர் மாத்திரைகளை, குறிப்பாகப் பாராசிட்டமால், இபுபுரூபென் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

குட்டி சோர்ந்து ஒதுங்கினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருத்தல் ஆகாது. ஈற்றைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமும் இளஞ்சிவப்பும் மாறி, உலர்ந்து வெளிறியிருந்தால் உடலில் நீர் வற்றுகிறது. பிடரித் தோலை இழுத்துவிட்டால் உடனே படியாமல் மெல்ல இறங்குவதும் அதே அடையாளம். மருத்துவமனை தொலைவிலுள்ள எஸ்டேட்டுகளில், 'விடியட்டும், பார்ப்போம்' என்ற சொல்லே பல குட்டிகளுக்கு எமனாகிறது. பிற்பகலில் ஐயம் எழுந்தால் பிற்பகலிலேயே புறப்படுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் பார்வோ வைரஸ். 1978-இல் அடையாளம் காணப்பட்ட இந்நோய் இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. வைரஸைக் கொல்லும் தனி மருந்து வழக்கில் இல்லாததால், நரம்புவழி நீரேற்றி, வாந்தியை அடக்கி, பிற தொற்றுகளைத் தடுத்து, குட்டியின் உடலே போராடி வெல்லும்வரை தாங்கிப்பிடிப்பதே சிகிச்சை. அதையும் பெறாத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடிருக்கும். ஒரு குட்டி இறந்த முற்றத்திற்கு உடனே இன்னொன்றைக் கொண்டுவருவது, ஆறாத அடுப்பில் கைவைப்பதற்கு ஒப்பாகும். சாதாரண சோப்பு இதனை அழிக்காது. வீட்டு உபயோகப் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து கழுவுதல் பயன் தரும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் போடப்படுகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தொடக்க ஊசிகளின் பயனை மழுங்கச் செய்யலாம். ஆகவே ஓர் ஊசியோடு நிறுத்துவது அரைக்கதவு பூட்டியதற்குச் சமம். செலவுக் கணக்கு நன்கறிந்த நம் வாசகர்களுக்கு, ஊசிகளின் விலையையும் சில நாள் உள்நோயாளிச் சிகிச்சையின் விலையையும் ஒப்பிட்டுக் காட்டத் தேவையில்லை.

கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் உண்டு. மருத்துவமனைக்குச் செல்வதாயின், முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்து, மலத்தின் சிறு பகுதியை மூடிய புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே காத்திருக்கும் பிற குட்டிகளுக்கு நோய் தொற்றாதிருக்க, அழைக்கும்வரை உங்கள் குட்டியைத் தரையில் விடாமல் வண்டியிலேயே வைத்திருங்கள்.