வர்ணம் தீட்டிய யானைகள்: ஏலப்பணம் எங்கே போய்ச் சேருகின்றது?

மாடு, ஆடு ஏலத்துக்கு வருவதை நாம் அறிவோம். பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, எவ்வளவு பால் கறக்கும் என்று விசாரித்துத்தான் விலை கேட்போம். ஆனால் புல் தின்னாத, பால் தராத, ஓரடிகூட நடக்காத விலங்குகளைப் பெரும் பணம் கொடுத்து ஏலத்தில் எடுக்கும் வழக்கம் ஒன்று உலகின் பெருநகரங்களில் பரவியுள்ளது. இவை சிற்ப விலங்குகள். அந்தந்த ஊர் ஓவியர்கள் இவற்றுக்கு வர்ணம் தீட்டுகின்றனர். சில வாரங்கள் தெருவோரங்களில் வைக்கப்பட்ட பின்னர் இவை ஏலம் கூறப்படுகின்றன. கிடைக்கும் பணம் தரும காரியத்துக்குச் செல்கின்றது.

இம்முயற்சி எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு நடைபெறுகின்றது, பணம் யாரைச் சென்றடைகின்றது என்பவற்றை இங்கு நோக்குவோம். மிதிவெடியையும் காட்டு யானையையும் கண்டறிந்த குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

பசுவில் தொடங்கியது

1998ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தெருக்களில் நூற்றுக்கணக்கான பசு உருவங்கள் வைக்கப்பட்டன. நிற்கும் பசு, மேயும் பசு, படுத்திருக்கும் பசு என மூன்று அச்சுகளை பஸ்கால் நாப் என்ற சிற்பி உருவாக்கியிருந்தார். அச்சு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஓவியர் வர்ணம் தீட்டியதால் ஒரு பசுவைப் போல் மற்றொன்று இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1999 இல், அமெரிக்காவின் சிக்காக்கோ நகரம் இதனைப் பின்பற்றி 300க்கும் மேற்பட்ட பசுக்களைத் தெருவில் நிறுத்தியது. அவற்றுட் பல ஏலத்தில் விற்கப்பட்டு, 30 இலட்சம் டொலருக்கு மேல் தரும காரியங்களுக்குக் கிடைத்தது. அதன் பின்னர் பல நாடுகளின் நகரங்கள் பசு, கரடி, குதிரை, யானை என்று தமக்கு விருப்பமான விலங்கைத் தெரிவுசெய்து கொண்டன.

வேலை நடைபெறும் முறை

முதலில் சிற்பி களிமண் போன்ற ஒரு பொருளில் உருவத்தைச் செய்கின்றார். அதிலிருந்து அச்சு எடுக்கப்படுகின்றது. அச்சினுள் கண்ணாடி நாரும் பிசினும் இட்டு உள்ளே வெற்றிடமான உருவங்கள் வார்க்கப்படுகின்றன. மீன்பிடி வள்ளங்கள் செய்யப்படும் அதே பைபர் கிளாஸ்தான் இது. பாரம் குறைவு, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

இதற்குரிய செலவை வர்த்தக நிறுவனங்கள் ஏற்கின்றன. பதிலாக அந்நிறுவனத்தின் பெயர் சிற்பத்தின் அடியில் பொறிக்கப்படும். ஓவியர்கள் தமது எண்ணத்தை முதலில் தாளில் வரைந்து அனுப்புவர். தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு வெறுமையான வெள்ளை உருவம் ஒன்று வழங்கப்படும். புகழ்பெற்ற ஓவியரும் பெயர் அறியப்படாத ஊர் ஓவியரும் ஒரே அளவான உருவத்தில் வேலை செய்வது இம்முறையின் ஒரு சிறப்பு.

ஒரு பைபர் கிளாஸ் யானைக்கு ஏன் இவ்வளவு விலை என்று நீங்கள் கேட்கலாம். எமது கோயில் திருவிழாக்களில் ஒரு மாம்பழம் ஏலத்துக்கு வரும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். சந்தையில் அதன் விலை எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஆளுக்கு ஆள் விலையை ஏற்றுகின்றனர். அங்கே விற்கப்படுவது மாம்பழம் மட்டும் அல்ல. நேர்த்தி, ஊர்ப் பெருமை, நாலு பேர் முன்னிலையில் கொடுக்கும் மனம் எல்லாம் சேர்ந்தே விலையாகின்றன. பெருநகர ஏலத்திலும் நடப்பது இதுதான்.

மிதிவெடியில் கால் இழந்த குட்டி

யானை ஊர்வலம் தொடங்கியதற்கு ஒரு குட்டி யானையே காரணம். தாய்லாந்துக்கும் மியன்மாருக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் 2006 இல் மோஷா என்ற ஏழு மாதப் பெண் குட்டி மிதிவெடியில் கால் வைத்தது. முன்னங்கால் ஒன்றின் கீழ்ப்பகுதி போய்விட்டது. வடதாய்லாந்தின் லம்பாங்கில் சொராய்தா சல்வாலா என்ற பெண்மணி 1993 இல் தொடங்கிய யானை வைத்தியசாலை அக்குட்டியை ஏற்றுக்கொண்டது. 1999 இல் இதேபோல் மிதிவெடியில் பாதம் இழந்த மொத்தாலா என்ற யானையும் அங்கேயே பராமரிக்கப்பட்டு வந்தது.

மோஷாவுக்குச் செயற்கைக் கால் செய்தவர் மிருக வைத்தியர் அல்லர். தெட்சாய் ஜீவகேட் என்ற எலும்பு முறிவு வைத்திய நிபுணர். ஏழை மக்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் வழங்கும் பணிக்காக 2008 இல் மக்சேசே விருது பெற்றவர். மனிதருக்குக் கால் செய்து பழகிய கைகளே யானைக்கும் செய்தன. ஆனால் யானைக்குட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். 2016 இல் மோஷாவுக்கு ஒன்பதாவது கால் பொருத்தப்பட்டது. அப்போது அதன் நிறை 2,000 கிலோவுக்கு மேல். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் பொருத்திய பெற்றோர் இதன் பொருளை அறிவர். ஒருமுறை கொடுத்து முடிக்கும் உதவி அல்ல இது.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்க் ஸ்பிட்ஸ் என்பவர் தாய்லாந்து சென்றபோது மோஷாவைக் கண்டார். தமது மகன் மைக்குடன் சேர்ந்து ‘எலிபன்ற் பரேட்’ என்னும் யானை ஊர்வலத்தை 2007 இல் றொட்டர்டாம் நகரில் தொடங்கினார். 2010 இல் இலண்டனில் 250க்கும் மேற்பட்ட குட்டி யானைச் சிற்பங்கள் வைக்கப்பட்டன. அவற்றின் ஏலத்தில் சுமார் 40 இலட்சம் பவுண் திரண்டது.

மிதிவெடியைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1997 இல் உருவானது. இலங்கை 2017 டிசெம்பரில் அதில் இணைந்தது. மியன்மார் இன்னும் இணையவில்லை. சிற்பம் விற்றுக் கால் வாங்கலாம். புதைத்த வெடியை அரசுகள் முன்வந்தே அகற்ற வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஏலத்தொகை பெரிதாக இருப்பதனால் மட்டும் பயன் பெரிதாகிவிடாது. அச்சு, வர்ணம், போக்குவரத்து, காவல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதனை யார் ஏற்றார்? ஓவியருக்கு ஊதியம் கிடைத்ததா? விற்ற விலை முழுவதும் கொடுக்கப்பட்டதா, ஒரு பங்கு மட்டுமா? அந்தப் பணம் யாருடைய வாழ்வில் என்ன மாற்றத்தைச் செய்தது?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. இலண்டன் ஏலத்தினால் பயன்பெற்ற ‘எலிபன்ற் பமிலி’ என்ற அமைப்பு, ஆசிய யானைகள் நடமாடும் வழிகளைக் காக்கும் பணிகளுக்கு உதவுகின்றது. அது வேறு அமைப்புகளுடன் சேர்ந்து உதவிய இடங்களுள் ஒன்று கேரளத்தின் வயநாட்டில் உள்ள திருநெல்லி யானை வழி. அவ்வழியில் குடியிருந்த குடும்பங்கள் தமது சம்மதத்துடன் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. விடப்பட்ட நிலம் 2015 இல் கேரள அரசிடம் கையளிக்கப்பட்டது. யானைக்காகத் திரட்டிய பணம் ஒரு விவசாயியின் வீட்டு வாசல்வரை வருகின்றது என்பதை இதிலிருந்து அறியலாம். அவ்வாறு வரும்போது, குடும்பத்தின் சம்மதமும் மாற்று நிலமும் உறுதியாக இருந்தால்தான் அது தருமமாகும். காணியை விட்டுப் பெயர்வது என்றால் என்ன என்பதை உங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நீலகிரியில் ஒரு மாற்று வழி

தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், கூடலூர்ப் பகுதியில் வாழும் பழங்குடி மக்கள் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். இவர்கள் நாளாந்தம் யானைகளின் அருகில் வாழ்பவர்கள். அழகுச் செடியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நாயுண்ணி அங்குள்ள காடுகளில் படர்ந்து, விலங்குகளுக்கு வேண்டிய புல்லை வளரவிடாமல் தடுக்கின்றது. அச்செடியை வெட்டி, தண்டுகளை அவித்துப் பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, உண்மையான யானை அளவில் உருவங்களைச் செய்கின்றனர். தமது பகுதியில் உலாவும் யானைகளையே மாதிரியாகக் கொள்கின்றனர். இவ்வாறு செய்யப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் 2021 இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 முதல் அமெரிக்க நகரங்களுக்கும் சென்றன.

இவை விற்கப்படும்போது மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் பணிகளுக்கு நிதி கிடைக்கின்றது. ஆனால் விற்பனைக்கு முன்னரே இரண்டு நன்மைகள் நடந்துவிடுகின்றன. களை நீங்குகின்றது, செய்தவர்களின் கையில் கூலி சேர்கின்றது. யானையோடு வாழும் துன்பத்தை அனுபவிப்பவர்களே இங்கு தொழிலாளரும் கலைஞருமாக இருக்கின்றனர்.

அகதி முகாமின் பெயரால், மீள்குடியேறிய கிராமத்தின் பெயரால், தொலைதூர நகரங்களில் பல விதமாக நிதி திரட்டப்படுவதுண்டு. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தை நன்றியுடன் ஏற்போம். அதே வேளை, எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, எமக்கு எது தேவை என்று எம்மிடம் கேட்கப்பட்டதா என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மோஷா அதைக் கேட்க முடியாது. உங்களால் முடியும்.