வரைபடம் இல்லாத கப்பல்

கலாசி என்னும் சொல் இரயில்வேக் குடும்பங்களுக்குப் புதிதன்று. பாரம் தூக்கும் தொழிலாளரை எங்கள் பதிவேடுகள் நெடுங்காலம் அப்பெயராலேயே குறித்து வந்தன. அப்பெயருடையோர் கடற்கரையிலும் உளர். அவர்களைப் பற்றி அன்பர்கள் அறிய வேண்டுவது மிக உண்டு.

எலப்புள்ளியில் வாழும் நாம் பாலக்காட்டில் இரயிலேறிக் கோழிக்கோட்டை நோக்கிச் சென்றால், பரோக்கு அருகே சாலியாற்றைக் கடப்போம். அவ்வாறு கடலில் கலக்குமிடத்தில் பேப்பூர் உள்ளது. அரபு வணிகருக்காகப் பல நூற்றாண்டுகளாக 'உரு' என்னும் மரக்கலங்களைக் கட்டிய ஊர் அது. நிலம்பூர்க் காட்டுத் தேக்கு அவ்வாற்றிலேயே மிதந்து வந்தது.

ஒரு மூட்டையை அனுப்பவும் எங்கள் அலுவலகத்தில் படிவம் வேண்டும். பேப்பூர்த் தச்சரோ வரைபடம் ஏதுமின்றியே ஒரு கப்பலை எழுப்பினர். முழுக் கணக்கும் தலைமை மேஸ்திரியின் மனத்திலேயே இருந்தது. அடிமரத்தை நாட்டி, பலகைகளை வளைத்து இணைத்து, அவற்றின் வளைவுக்கேற்ப உள்விலாக்களைச் செதுக்கிப் பொருத்துவர். இடுக்குகளில் பஞ்சை இறுக அடைப்பர். ஒரு பெரிய உரு முடிய ஓராண்டிற்கு மேலும் ஆகும்.

கட்டிய கலத்தை நீரில் இறக்குவோரே மாப்பிளைக் கலாசிகள். உருளைக் கட்டைகள், வடம், கப்பி, வடம் சுற்றும் மரப்பொறி ஆகியவையே அவர்தம் கருவிகள். ஒருவர் பாட, அனைவரும் ஒரே மூச்சில் இழுப்பர். தாளம் தவறினால் உயிருக்கே இடர்.

1988 ஜூலை 8 அன்று, பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி சென்ற ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லத்தை அடுத்த பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீரில் மூழ்கிய பெட்டிகளை மீட்கும் பணிக்கு இக்கலாசிகளே அழைக்கப்பெற்றனர். கப்பலை நீரில் இறக்கிய அதே வடமும் கப்பியும் இரயில் பெட்டிகளைக் கரையேற்ற உதவின. இரயில்வே ஊழியன் எவனும் மறக்கலாகாத உதவி இது.

இரும்புக் கப்பல் வந்தபின் உருக்களின் தேவை குன்றியது. ஏட்டில் எழுதாத கலை, கற்பார் இல்லையேல் ஆசானோடு அழியும். ஊர் விட்டு வந்த நம் இல்லங்களிலும் பாட்டனாரின் கைத்தொழில் ஒன்று இருக்கக்கூடும். அதனை அறிந்த முதியவர் நம்மிடையே உள்ளபோதே, பிள்ளைகளை அவரருகே அமர்த்திக் கேட்கச் செய்வோமாக.