சூழல்நலக் கழிப்பறை

சூழல்நலக் கழிப்பறை என்பது மலம், சிறுநீர், கழுவும் நீர் ஆகிய மூன்றையும் கலக்கவிடாமல் தனித்தனியே சேகரித்து, மண்ணுக்கு உரமாகத் திருப்பும் கழிப்பறை வகை ஆகும். இது எக்கோசான் கழிப்பறை எனவும் அழைக்கப்படுகிறது. பாதாளச் சாக்கடை அமைக்க இயலாத சிற்றூர்களிலும், நிலத்தடி நீர் மேலாக உள்ள ஆற்றங்கரை, கடலோர ஊர்களிலும் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள முசிறி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

தேவை

பாதாளச் சாக்கடைக்கு நிலச்சரிவு, மிகுதியான நீர், நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம் ஆகியன தேவை. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்களில் இச்செலவு தாங்க இயலாதது. மாற்றாக அமைக்கப்படும் உறிஞ்சு குழிகளில், குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் மண் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாத இடங்களில் நோய்க்கிருமிகள் கிணற்று நீரை அடைகின்றன. மலக்குழிகளில் இறங்கும் தொழிலாளர்கள் நச்சுவாயுவால் இறப்பதும் தொடர்கிறது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் உரூபாய் இழப்பீடு வழங்க 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் இத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

செயற்படும் முறை

தரைக்கு மேலே, நீர் புகாத இரண்டு அறைகள் கட்டப்படுகின்றன. இருக்கையில் மலத்திற்கு ஒரு துளையும், சிறுநீருக்கும் கழுவும் நீருக்கும் தனித்தனி வழிகளும் உள்ளன. ஒவ்வொரு முறையும் மலத்தின்மீது சாம்பல் தூவப்படுகிறது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக் காரத்தன்மையைக் கூட்டுவதால் கிருமிகள் அழிகின்றன, நாற்றமும் குறைகிறது. ஓர் அறை நிரம்பியதும் அதனை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். வெப்பமான இடங்களில் ஓராண்டுக்கு மேல் மூடி வைக்கப்பட்ட பின்னரே உரம் எடுக்கப்படுதல் நல்லது. உருளைப்புழுவின் முட்டைகள் நெடுநாள் உயிர்வாழ்வதே இதற்குக் காரணம். கழுவும் நீர் கல்வாழை போன்ற செடிகள் வளரும் பாத்திக்கு விடப்படுகிறது.

மனிதக் கழிவிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. எனவே நீர் கலந்த சிறுநீர் பயிர்களுக்கு உரமாகிறது.

முசிறி

முசிறி காவிரியின் வடகரையில் உள்ளது. இங்கு ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் 2000-களில் வீடுகளுக்கும், பின்னர் சாலியர் தெருவில் பொதுப் பயன்பாட்டிற்கும் இக்கழிப்பறைகளை அமைத்தது. பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை வழங்கிய திட்டம் 2008 இல் செய்திகளில் இடம்பெற்றது. நிறுவனத்தைத் தோற்றுவித்த மராச்சி சுப்புராமன் 2021 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

உலர் கழிப்பிடத்துடன் வேறுபாடு

1993 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த உலர் கழிப்பிடங்களில், புதிய மலத்தை மனிதர் கையால் அள்ள நேர்ந்தது. சூழல்நலக் கழிப்பறையில் மட்கிய பொருளே வெளியே எடுக்கப்படுகிறது. எனினும் மூடிவைக்கும் காலத்தைக் குறைத்தால் இவ்வேறுபாடு இல்லாமற் போகும்.

குறைகள்

அறைக்குள் நீர் புகுந்தால் மட்குதல் தடைபட்டு நாற்றம் உண்டாகும். சிறுவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் பயன்பாட்டை விளக்க வேண்டியுள்ளது. விறகடுப்பு குறைந்த ஊர்களில் சாம்பல் கிடைப்பது அரிதாகையால் சுண்ணாம்பு, மரத்தூள் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. குளியல், சமையலறைக் கழிவுநீருக்குத் தனி ஏற்பாடு தேவை.