காய்ச்சலோடு வேலையையும் சொல்லுங்கள்

மழை பிடித்துக்கொண்டால் ரெம்பாவ் வட்டாரத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் வாயில் வரும் பெயர் டிங்கி. நியாயமான பயம்தான். ஆனால் பெடாஸ், செம்போங் பக்கத்துச் செம்பனைக்குள் குலை வெட்டுகிறவருக்கும் உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மாவுக்கும் வரும் காய்ச்சல், சிரம்பானில் குளிரூட்டி அறைக்குள் வேலை செய்கிறவருக்கு வரும் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோட்டத்து ஆள் நாள் முழுக்கக் கால் வைப்பது ஈர மண்ணிலும் கால்வாய்த் தண்ணீரிலும். அங்கே இருக்கிற சில பாக்டீரியாக்கள் வெறும் பெனடோலுக்கு அடங்குபவை அல்ல. தோட்டத்து மக்களும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாக்டீரியா என்றாலே கெடுதலா?

இல்லை. ஒரு மனித உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம்முடைய சொந்த உயிரணுக்களே சுமார் 30 லட்சம் கோடிதான். அத்தனை பாக்டீரியாவையும் கூட்டி நிறுத்தால் 200 கிராம் அளவுக்குத்தான் வரும். பெரும்பகுதி பெருங்குடலில் இருந்துகொண்டு நார்ச்சத்தைச் செரிக்கிறது, வைட்டமின் கே தயாரிக்கிறது, கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. நம் வீட்டுத் தோசை மாவு இரவோடிரவாகப் பொங்குவதும், பக்கத்துக் கம்பத்தில் டுரியான் சுளை புளித்துத் தெம்போயாக் ஆவதும் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்களின் வேலை.

பெடாஸ் வெந்நீர் ஊற்றில் கால் நனைக்கிறவர்களுக்கு ஒரு கொசுறு. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960களில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவின் நொதியை வைத்துத்தான் பிசிஆர் சோதனை பெருகியது. கோவிட் நாட்களில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதுதான். இத்தனை நல்ல பாக்டீரியாக்கள் இருக்கும்போது, கிருமியையெல்லாம் அடியோடு ஒழிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் சவர்க்காரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. சாதாரணச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போதும்.

எலி போன தண்ணீரில் என்ன இருக்கிறது?

கென்சிங் திக்குஸ் என்று எல்லா இனத்தவரும் சொல்லும் எலிக்காய்ச்சலுக்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா. அது எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் சிறுநீரோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். மாடு, பன்றி, நாய் மூலமும் வரலாம். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிர் வாழும். கீறல், வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் ஆகியவை அது உடம்புக்குள் நுழையும் வழிகள். செம்பனை மட்டையின் முள் கீறாத கையைத் தோட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பால்மரக் காட்டைவிடச் செம்பனைக்குள் எலிக்குச் சாப்பாடு தாராளம். உதிர்ந்து கிடக்கும் பழம் போதும், குடும்பம் குடும்பமாகப் பெருகிவிடும். பல தோட்டங்களில் கம்பம் நட்டு அதன் மேல் பெட்டி பொருத்திக் கூகைகளைக் குடிவைப்பது இதற்காகத்தான். ஆந்தை அலறினால் ஆகாது என்று சகுனம் பார்த்து அந்தப் பெட்டியைக் கலைக்கிறவர்கள் எலிக்குத்தான் உபகாரம் செய்கிறார்கள்.

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். திடீரென்று அடிக்கும் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்புவலி. டிங்கிக்கும் இதேதான். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிப்பதும், பீளை இல்லாமல் கண் சிவந்து போவதும் எலிக்காய்ச்சலுக்குச் சாடை காட்டும் அறிகுறிகள். ஆனால் எல்லாருக்கும் அவை வருவதில்லை. பலருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து, சிறுநீர் குறைந்து, சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். நுரையீரலில் ரத்தம் கசியும். அந்தமான் தீவுகளில் 1980களின் இறுதியில் இப்படி ரத்தக்கசிவோடு வந்த மர்மக் காய்ச்சலுக்கு என்ன காரணம் என்று சில ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகுதான் அது லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது.

இந்த நோயைக் கண்டால் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி மலேசியாவில் 2010இல்தான் வந்தது. இதற்கு மருந்து உண்டு: பெனிசிலின், டாக்சிசைக்ளின், செஃப்ட்ரியாக்சோன். சிக்கல் எங்கே என்றால், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை முதல் வாரத்தில் ஒன்றுமில்லை என்று காட்டிவிடலாம். டாக்டர் சந்தேகத்தின் பேரில்தான் மருந்தைத் தொடங்க வேண்டும். அந்தச் சந்தேகம் அவருக்கு எப்படி வரும்? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் வரும்.

தடுப்பது பெரிய வித்தையல்ல. பூட்ஸ், கையுறை, காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரி, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியல். கால்வாய்த் தண்ணீரில் முகம் கழுவுவதை விட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தை அங்கேயே வீசிவிட்டு வருகிறவர்களும் எலியைத்தான் விருந்துக்கு அழைக்கிறார்கள். அடுத்த வாரம் அதே தண்ணீரில் பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

மண்ணே நோய் கொடுக்குமா?

கொடுக்கும். இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனையில் ஒரு புது நோயைக் கண்டார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டன், ஃபிளெட்சர் இருவரும் அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இதன் பாக்டீரியாவுக்கு எலி தேவையில்லை. மண்ணிலும் சேற்றிலும் இயல்பாகவே வாழ்கிறது. காயம் வழியாகவோ, அடைமழைக் காற்றில் மூச்சு வழியாகவோ உள்ளே போகும். நிமோனியாவாக வரும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாக வரும், காசநோய் மாதிரியும் நடிக்கும்.

2010இல் பகாங் மாநிலம் மாரானை ஒட்டிய லுபோக் யூ பொழுதுபோக்கு இடத்தில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடக் கிராமத்தாரும் மீட்புப் படையினரும் தண்ணீரில் இறங்கினார்கள். இறங்கியவர்களில் எட்டுப் பேர் பின்னர் இறந்தார்கள், பெரும்பாலோர் மெலியோய்டோசிஸால். சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்தே இருந்தது. இறந்தவர்களில் பலர் நீரிழிவுக்காரர்கள்.

நமக்கு உறைக்க வேண்டியது அந்தக் கடைசிச் செய்தி. மலேசிய இனங்களில் நீரிழிவு அதிகம் காணப்படுவது இந்தியர்களிடம்தான் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நீரிழிவு இருப்பவர் காலில் புண்ணோடு, வெறுங்காலில், மழை மண்ணில் நிற்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டுக் கொல்லையில் மரவள்ளி நடுகிற தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும். சாதாரணப் பெனிசிலின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. குறைந்தது பத்துப் பதினைந்து நாள் ஊசி வழியாக மருந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் போட்டால் போதாதா?

எல்லாக் காய்ச்சலும் பாக்டீரியாவால் வருவதில்லை. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1998-99இல் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளைக் காலியாக்கிய நிப்பா, வைரஸ் நோய். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவைத் துரத்தினார்கள். உண்மையில் அது பன்றிகளிடமிருந்து வந்தது. நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சளி, ஃபுளூ, டிங்கி எல்லாமே வைரஸ். ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. கிளினிக்கில் எம்.சி.யோடு அதையும் கேட்டு வாங்குவது வீண்.

பாக்டீரியாவால் வந்த காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. அதன் வரலாற்றில் மலாயாவுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று கோலாலம்பூர் வந்து, குளோராம்ஃபெனிக்கால் என்ற புது மருந்தை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஸ்க்ரப் டைபஸ் என்பது லாலாங் புல்லிலும் தோட்டக் காட்டிலும் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல். கடிவாயில் கருத்த பொருக்குக் கட்டும். மருந்து பலித்தது. டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு, அவர்களும் பிழைத்தார்கள். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து கிடைத்தது அப்படித்தான். ஆனால் 1972க்குள் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் மெக்சிகோவிலும் அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு கிளம்பிவிட்டது. கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. மீந்த கேப்சூலைப் பத்திரப்படுத்தி அடுத்த காய்ச்சலுக்குப் போடுவதும், பிரித்துப் பொடியைப் புண்ணில் தூவுவதும் இந்த எதிர்ப்பை வளர்க்கும் காரியங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சல் எத்தனை நாள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். செம்பனையில் வேலை, போன வாரம் கால்வாயில் இறங்கினேன், காலில் வெட்டு இருக்கிறது, இனிப்பு நீர் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். தமிழ் தெரியாத டாக்டரிடம், சாயா கெர்ஜா லாடாங் சாவிட் என்ற ஒரு வரி போதும். மற்றதை அவர் கேட்பார். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். காரணம் தெரியும்வரை வலிக்குப் பெனடோல் மட்டும் போடுங்கள். டிங்கியாக இருந்தால் ஆஸ்பிரினும் மற்ற வலி மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். வேலையால் வந்த நோய் என்று உறுதியானால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிடம் இழப்பீடு கேட்க வழியுண்டு. அதற்கும் நோயாளிக் குறிப்பில் வேலை விவரம் ஏறியிருப்பது நல்லது.

இன்று காலைப் பெரட்டில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நேப்பாளிகள். அவர்களுக்குக் கிளினிக் கட்டணம் அதிகம், மொழியும் தடை; ஆகவே தாமதமாகத்தான் போகிறார்கள். தண்டலாகவோ கிராணியாகவோ இருக்கும் நம்மவர்கள், அப்படி ஒருவர் காய்ச்சலோடு படுத்துக்கிடந்தால் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், அவர் எந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்தார் என்பதை அவருக்காக நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்.